எடை சரியாக இருக்கிறது, உயரம்?

குழந்தை நலம்: வாசகர் கேள்வி பதில்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உயரம், எடை, கைச்சுற்றளவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நெடுங்காலம் பணியாற்றிய குழந்தை நல மருத்துவர் ஒருவர் இம்முறை பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்குச் சென்ற வாரம் மூன்று வயது நிறைந்தது. எடை 11.4 கிலோ, உயரம் 86 செ.மீ. அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்து, "பச்சையில்தான் இருக்கிறாள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்த முறை புதிதாக வந்த டீச்சர் உயரத்தையும் அளந்துவிட்டு, வயதுக்கேற்ற உயரம் இல்லை என்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள், ஓடியாடி விளையாடுகிறாள். யார் சொல்வதை நம்புவது டாக்டர்?
(ஒரு தாய், தர்மபுரி மாவட்டம்)

பதில்: இருவர் சொன்னதும் உண்மைதான் அம்மா. ஒருவர் எடையைப் பார்த்துச் சொன்னார், மற்றவர் உயரத்தைப் பார்த்துச் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகோலின்படி, மூன்று வயது நிறைந்த பெண் குழந்தைக்கு இடைநிலை எடை (வரிசையில் நட்டநடுவில் நிற்கும் குழந்தையின் எடை) 13.9 கிலோ, எடைக் குறைவு என்று சொல்வதற்கான எல்லை 10.8 கிலோ. உங்கள் மகளின் எடை அந்த எல்லைக்கு மேல் இருப்பதால் அட்டையில் பச்சைப் பட்டைக்குள் விழுகிறது. ஆனால் அதே வயதுக்கு இடைநிலை உயரம் 95.1 செ.மீ., எல்லை 87.4 செ.மீ. உங்கள் மகளின் 86 செ.மீ. அந்த எல்லைக்கு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் கீழே நிற்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. வயதை ஒதுக்கிவிட்டு, 86 செ.மீ. உயரமுள்ள பெண் குழந்தை எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று பார்த்தால், அது சுமார் பதினொன்றரை கிலோ. உங்கள் மகள் கிட்டத்தட்ட அதே எடையில் இருக்கிறாள். அதாவது அவள் மெலிந்த குழந்தை அல்ல. கை, கால், முகம் எல்லாம் அளவாக இருக்கும். இரண்டு வயதுக் குழந்தையின் உடலமைப்போடு மூன்று வயதுக் குழந்தை உங்கள் கண் முன்னே ஓடியாடிக்கொண்டிருப்பதால், ஏதோ குறைகிறது என்று எந்தத் தாய்க்கும் தோன்றாது. எலும்பும் தோலுமாக மெலிந்த குழந்தையைக் கண்டால் பக்கத்து வீட்டுக்காரர்கூட மருத்துவரிடம் போகச் சொல்வார்; உயரம் குன்றிய குழந்தையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. தெருவில் உடன் விளையாடும் குழந்தைகளோடு ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாமல் போகலாம், ஏனெனில் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதமும், தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 25 சதவீதமும் இப்படி வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களே. நால்வரில் ஒருவர் குன்றியிருக்கும் இடத்தில், கண்பார்வையை மட்டும் நம்பி ஒரு குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிட முடியாது.

எடையை மட்டும் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மெக்சிகோ மருத்துவர் பெதரிக்கோ கோமெஸ் 1956இல் வெளியிட்ட வகைப்பாடு வயதுக்கேற்ற எடையை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. வெகுநாள் வரை உலகம் முழுவதும் அதையே பின்பற்றினார்கள். பசியால் சமீபத்தில் மெலிந்த குழந்தையும், நீண்ட காலக் குறைவால் உயரம் குன்றிய குழந்தையும் அந்தக் கணக்கில் ஒன்றாகவே தெரிவார்கள். இருவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஜான் வாட்டர்லோ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1972இல்தான் அழுத்தமாக எழுதினார். தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் மாதந்தோறும் எடை பார்ப்பதையே மையமாகக் கொண்டிருந்தது. அந்தத் திட்டம் எத்தனையோ குழந்தைகளுக்கு நன்மை செய்தது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குழந்தையைத் தராசில் உட்கார வைத்தால் வேலை முடிந்தது என்ற எண்ணமும் அந்தக் காலத்திலிருந்தே நம்மிடம் ஊறிப்போய்விட்டது.

பயப்படாதீர்கள். எல்லைக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு குழந்தையும் நோயாளி அல்ல. இந்த எல்லை, இடைநிலையிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் (குழந்தைக்குக் குழந்தை இயல்பாக உள்ள வேறுபாட்டின் அளவு) கீழே போடப்பட்ட ஒரு கோடு; நல்ல ஊட்டத்தோடு வளரும் நூறு குழந்தைகளிலும் இரண்டு மூன்று பேர் அதற்குக் கீழே இருப்பார்கள். எனவே முதலில் உயரத்தை மறுபடி சரியாக அளந்து பாருங்கள். பிறந்த தேதி பிறப்புச் சான்றிதழில் உள்ளதுதானா என்று சரிபாருங்கள்; இரண்டு மூன்று மாதம் தவறினாலே முடிவு மாறிவிடலாம். பிறகு தடுப்பூசி அட்டை, மருத்துவமனைச் சீட்டு என்று வீட்டில் இருக்கும் தாள்களில் பழைய உயர அளவு எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு வயதில் எங்கே இருந்தாள், இரண்டு வயதில் எங்கே இருந்தாள் என்று தெரிந்தால், அவள் தொடக்கத்திலிருந்தே சிறிய குழந்தையாக ஒரே சீராக வளர்ந்து வருகிறாளா, அல்லது நடுவில் எங்கோ தடுமாறிக் கீழே இறங்கினாளா என்பது புலப்படும். அந்தத் தாள்களோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ குழந்தை நல மருத்துவரிடமோ செல்லுங்கள். புதிதாக வந்த அந்த டீச்சருக்கு என் சார்பிலும் நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். எங்கள் மையத்தில் ஒரு பையனுக்குப் போன மாதம் 82 செ.மீ. என்று பதிந்தேன், இந்த மாதம் 80.5 வருகிறது. மேற்பார்வையாளர் கேட்கிறார், குழந்தை குட்டையாகிப் போகுமா என்று. பதில் சொல்லத் தெரியவில்லை. அளப்பதில் எங்கே தவறு நடக்கிறது?
(விழுப்புரம் மாவட்டம்)

பதில்: குழந்தை குட்டையாகவில்லை, அளவு மாறியிருக்கிறது. உங்கள் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் பலர் இப்படி வரும்போது இந்த மாத அளவைச் சத்தமில்லாமல் 82.5 என்று எழுதிவிடுகிறார்கள்.

முதலில் குழந்தையின் வயதைப் பாருங்கள். இரண்டு வயது நிறையும் வரை குழந்தையைப் படுக்க வைத்து நீளத்தை அளக்க வேண்டும். இரண்டு வயது முதல் நிற்க வைத்து உயரத்தை அளக்க வேண்டும். ஒரே குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால், நிற்க வைத்து அளப்பதைவிடச் சராசரியாக 0.7 செ.மீ. கூடுதலாக வரும், ஏனெனில் நிற்கும்போது முதுகுத்தண்டு சற்று அமுங்குகிறது. உங்கள் பையன் போன மாதம் படுத்தும் இந்த மாதம் நின்றும் அளக்கப்பட்டிருந்தால், ஒன்றரை சென்டிமீட்டரில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு வயது ஆகாத குழந்தை படுக்க மறுத்ததால் நிற்க வைத்து அளந்தீர்கள் என்றால் 0.7ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்; இரண்டு வயது கடந்த குழந்தையைப் படுக்க வைத்து அளந்திருந்தால் 0.7ஐக் கழிக்க வேண்டும். எப்படி அளந்தீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதாவிட்டால் இந்தத் திருத்தத்தைப் பிறகு யாராலும் செய்ய முடியாது.

மீதிப் பாதி அளப்பவரின் கையில் இருக்கிறது. நீளப் பலகையில் குழந்தையைப் படுக்க வைப்பதற்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒற்றை ஆளாக அளந்த நீளத்தை நான் நம்புவதில்லை. தாயோ உதவியாளரோ தலைமாட்டில் நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் குழந்தையின் காதுகளை ஒட்டித் தலையைப் பிடித்து, உச்சந்தலை அசையாத் தலைப்பலகையை அழுத்தித் தொடும்படி வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் பார்வை நேர் மேலே கூரையை நோக்க வேண்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று, இடது கையால் இரண்டு முழங்கால்களையும் மெதுவாக அழுத்தி நீட்டி, வலது கையால் நகரும் பலகையைக் கொண்டுவந்து இரண்டு பாதங்களின் அடியிலும் முழுமையாகப் பொருத்த வேண்டும்; கால்விரல்கள் மேல்நோக்கி நிற்க வேண்டும். ஒரு கால் மட்டும் நீட்டியிருக்கும்போது அவசரமாகப் பலகையை வைத்தால் அரை சென்டிமீட்டர் போய்விடும். முழங்கால் சற்றே மடங்கியிருந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் குறையும். குழந்தை உதைத்து அழுதால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் அளப்பதில் வெட்கமே இல்லை.

நிற்க வைத்து அளக்கும்போது செருப்பும் காலுறையும் கழற்றப்பட வேண்டும். உச்சியில் போட்ட குடுமி, ரிப்பன், பூ எல்லாவற்றையும் தாய் சங்கடப்பட்டாலும் அவிழ்க்கச் சொல்ல வேண்டும். குதிகால், கெண்டைக்கால், புட்டம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை பலகையைத் தொட வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் ஐந்தும் ஒன்றாகத் தொடாது. தொப்பை உள்ள சிறு பிள்ளைக்கு வயிற்றை லேசாக அழுத்திக்கொடுத்தால் நேராக நிற்கும். காதுத் துளையின் மேல் விளிம்பும் கண்குழியின் கீழ் விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் வர வேண்டும். அண்ணாந்து பார்த்தாலும் குனிந்து பார்த்தாலும் அளவு தப்பும். பலகை முடியை அமுக்கித் தலையைத் தொட்ட பிறகு, உங்கள் கண்ணை அளவுக்கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மில்லிமீட்டர் வரை படியுங்கள். 80.3 என்று வந்தால் 80 என்று எழுதாதீர்கள். ஒரு மையத்தின் பதிவேட்டைப் புரட்டும்போது எல்லா உயரங்களும் 80, 85, 90 என்று முழு எண்களாகவே இருந்தால், அங்கே யாரும் உண்மையில் அளக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பிறகு இரண்டாவது முறை அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் அளவுகோலை உருவாக்கியபோது இரண்டு அளவீட்டாளர்கள் தனித்தனியே அளந்தார்கள். இருவருக்கும் இடையே 7 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்தால் மறுபடி அளந்தார்கள். நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு, சமையலையும் பதிவேடுகளையும் செயலியையும் ஒருவராகப் பார்க்கும் உங்களிடம் அவ்வளவையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதை நான் அறிவேன். எல்லைக்கோட்டை ஒட்டி வரும் குழந்தைகளையும், போன அளவைவிடக் குறைந்து வரும் குழந்தைகளையும் மட்டுமாவது இரண்டு முறை அளந்துவிடுங்கள்.

கருவியையும் சோதித்துப் பாருங்கள். நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவுக்குப் புதிதாக டைல்ஸ் பதித்தார்கள். சிமென்ட்டும் டைல்ஸுமாகத் தரை இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. சுவரில் இருந்த உயர அளவுகோலை யாரும் மாற்றி அடிக்கவில்லை. அதன் பிறகு அங்கே அளக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தையும் இருப்பதைவிட இரண்டு சென்டிமீட்டர் உயரமாகப் பதிவாயிற்று. ஒரு நாள் தற்செயலாக ஒரு மீட்டர் மரக்கோலை அங்கே நிறுத்திப் பார்த்தபோது 102 என்று காட்டியது. அதற்குள் எத்தனை குழந்தைகளின் குறைபாடு "சரியாக இருக்கிறது" என்று எழுதப்பட்டுப் போனதோ என்பது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நீளம் தெரிந்த ஒரு நேரான கம்பையோ குழாயையோ மையத்தில் வைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை பலகையில் வைத்துப் பாருங்கள், அது போதும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் எல்லோருமே குள்ளம். மகன் 162 செ.மீ., மருமகள் 150 செ.மீ. பேரன் உயரமில்லை என்று மருத்துவர் கவலைப்படுகிறார். வெள்ளைக்காரக் குழந்தைகளை வைத்துப் போட்ட கணக்கு நம் குழந்தைகளுக்கு எப்படிப் பொருந்தும்?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், தென்காசி)

பதில்: ஐயா, 2006 வரை பயன்பாட்டில் இருந்த பழைய அளவுகோலைப் பற்றி இப்படிக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கும், அது அமெரிக்கக் குழந்தைகளின் அளவுகளை வைத்துத் தயாரானது. இப்போது நாம் பயன்படுத்தும் அளவுகோலுக்காக 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகள் அளக்கப்பட்டார்கள்: பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பால் குடித்து, தாய் புகைபிடிக்காத, வளர்ச்சியைத் தடுக்கும் வறுமையில்லாத வீடுகளில் வளர்ந்த குழந்தைகளை மட்டுமே சேர்த்தார்கள். அப்படி வளர்ந்தபோது கானாவின் அக்ரா நகரக் குழந்தையும் நார்வேயின் ஆஸ்லோ நகரக் குழந்தையும் டெல்லியின் குழந்தையும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி உயர்ந்தார்கள். நீளத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் சுமார் 3 சதவீதம்தான் நாட்டுக்கு நாடு இருந்தது. 70 சதவீதம் ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை இருந்த வேறுபாடு.

பரம்பரைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் உயரத்திலிருந்து பிள்ளை எவ்வளவு வளரக்கூடும் என்று கணிக்க, இருவர் உயரத்தையும் கூட்டி, ஆண் குழந்தை என்றால் 13ஐச் சேர்த்து, பெண் குழந்தை என்றால் 13ஐக் கழித்து, இரண்டால் வகுப்பது வழக்கம். உங்கள் பேரனுக்கு அது 162.5 செ.மீ. வருகிறது. இந்தக் கணக்கை மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. உங்கள் மகனும் மருமகளும் தங்கள் குழந்தைப் பருவத்தில் முழு ஊட்டத்தோடு வளர்ந்தார்களா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. அவர்களே குன்றியிருந்தால், பழைய தலைமுறையின் இழப்பைப் பேரனுக்கும் நாம் இயல்பு என்று எழுதிவைத்ததாகும். தென்கொரியாவில் 1896இல் பிறந்த பெண்களைவிட 1996இல் பிறந்த பெண்கள் சுமார் 20 செ.மீ. உயரமாக வளர்ந்தார்கள். நூறு ஆண்டில் மரபணு மாறிவிடாது; மாறியது சோறும் தண்ணீரும் நோயும் மருத்துவமும்தான். பேரனுக்கு இன்னும் ஐந்து வயது ஆகவில்லை என்றால், குடும்பக் குள்ளம் என்பதை எல்லாக் காரணங்களையும் பார்த்து விலக்கிய பிறகு சொல்ல வேண்டிய கடைசி விடையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முகாமில் என் குழந்தையின் கையில் வண்ண நாடாவைச் சுற்றிப் பார்த்துப் பச்சை என்றார்கள். அப்படியானால் உயரமும் சரிதானே?
(கடலூர்)

பதில்: இல்லை. மேற்கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளக்கும் அந்த நாடா, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் மெலிவைக் கண்டுபிடிப்பதற்கானது. 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் உயிருக்கே ஆபத்தான மெலிவு, 11.5 முதல் 12.5க்குள் இருந்தால் மிதமான மெலிவு. பச்சை என்றால் இந்த இரண்டும் இல்லை என்று மட்டுமே பொருள். உயரத்தை உயரப் பலகையில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மகன் எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தவன். இப்போது பத்து மாதம். எந்த வயதை வைத்து வரைபடத்தில் குறிப்பது?
(கோயம்புத்தூர்)

பதில்: எட்டு மாதம் என்று வைத்துக்கொண்டு குறியுங்கள். முன்னதாக வந்த வாரங்களைக் கழித்த இந்தத் திருத்திய வயதை இரண்டு வயது வரை பயன்படுத்துகிறோம். கழிக்காமல் குறித்தால் நன்றாக வளரும் குழந்தையும் குன்றியதாகத் தோன்றும்.

கேள்வி: நான் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் பிள்ளைகளின் நிறையும் உயரமும் குறைவு என்று குடும்ப நல உத்தியோகத்தர் அம்மா ஒவ்வொரு கிளினிக்கிலும் சொல்கிறார். இலங்கையில் மற்ற இடங்களிலும் இப்படித்தானா? பெற்றோருக்கு நான் எதைச் சொல்வது?
(ஹட்டன்)

பதில்: மற்ற இடங்களில் இவ்வளவு இல்லை, அதுதான் வேதனை. 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நாடு முழுவதும் 17.3 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டப் பகுதியில் அது 31.7 சதவீதம். ஒரே நாடு, ஒரே இலவச மருத்துவம், ஒரே தடுப்பூசி. ஆனாலும் தோட்டத்துப் பிள்ளைக்குக் குன்றும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. இதைப் பெற்றோரின் கவனக்குறைவு என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கருவுற்ற நாளிலிருந்தே தாய் இரத்தசோகையோடு மலையேறிக் கொழுந்து பறிக்கிறாள், நிறை குறைந்த பிள்ளையைப் பெறுகிறாள், பிறகு வேலைக்குத் திரும்ப வேண்டியிருப்பதால் பாலூட்டும் இடைவெளி நீள்கிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டின் நெருக்கமும் தண்ணீரும் கழிவறையும் சேர்ந்து பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டத்தையும் இருமலையும் தருகின்றன.

பெற்றோரிடம் நீங்கள் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கிளினிக்கில் தரும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைத் திறந்து, நிறைக்கான வரைபடத்துக்கு அடுத்ததாக உயரத்துக்கான வரைபடமும் இருக்கிறது என்று காட்டுங்கள். போன முறை வைத்த புள்ளிக்கும் இந்த முறை வைத்த புள்ளிக்கும் இடையே கோடு எப்படிப் போகிறது என்று அவர்களே விரலால் தொட்டுப் பார்க்கட்டும். அச்சிட்ட கோட்டோடு சேர்ந்து ஏறினால் நல்லது. கோடு ஏறாமல் படுத்துவிட்டால், பிள்ளை எல்லைக்குக் கீழே போகும் வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும். பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பிள்ளைகளை விட்டுச் செல்லும் தாய்மாருக்கு, அங்கே பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை முறை சாப்பிட்டது என்று மாலையில் கேட்கும் உரிமை உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: உயரமாக வளர வைக்கும் என்று விளம்பரம் செய்யும் ஊட்டச்சத்துப் பவுடரை ஒன்றரை வயது மகனுக்குக் கொடுக்கலாமா? அளவில் குறைவாக இருக்கிறான் என்றார்கள்.
(மதுரை)

பதில்: வேண்டாம் சகோதரி. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள். அப்படிப்பட்ட பவுடர்கள் பலவற்றில் சர்க்கரை கணிசமாக இருக்கிறது. இனிப்புப் பாலைக் குடித்துவிட்டு வயிறு நிறைந்த குழந்தை சோற்றைத் தள்ளிவிடும்.

உங்கள் மகனின் வயது எனக்கு நம்பிக்கை தருகிறது. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிராமங்களில் புரதம் நிறைந்த கஞ்சியும், மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானமும் வழங்கினார்கள். கஞ்சி குடித்த குழந்தைகள் மூன்று வயதில் மற்றவர்களைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமாக இருந்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு அதே கஞ்சியைக் குடித்தவர்களின் உயரத்தில் பலன் தெரியவில்லை. அவர்கள் பெரியவர்களான பிறகு மீண்டும் தேடிச் சென்று பார்த்து 2008இல் எழுதினார்கள்: முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தக் கஞ்சியைக் குடித்த ஆண்களின் மணிநேரக் கூலி 46 சதவீதம் அதிகமாக இருந்தது. நாங்கள் உயரத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது, பிள்ளை நெடுநெடுவென்று நிற்க வேண்டும் என்ற ஆசையால் அல்ல. எலும்பு வளராமல் நின்ற அதே மாதங்களில்தான் மூளையும் வளர்ந்துகொண்டிருந்தது; அதற்கும் தேவையானது கிடைக்கவில்லை என்பதை உயரம் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், முதலில் கஞ்சியின் பதத்தைப் பாருங்கள். கரண்டியைச் சாய்த்தவுடன் தண்ணீராக ஓடினால் அதில் வயிறு நிறையும், உடல் வளராது; கரண்டியில் ஒட்டி மெதுவாக நழுவ வேண்டும். குழைத்த சோற்றில் பருப்பும் ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேருங்கள். தினம் ஒரு முட்டை கொடுங்கள். அசைவம் சாப்பிடும் வீடு என்றால் முள் நீக்கிய மீனோ ஈரலோ வாரம் சில முறை சேரட்டும், சாப்பிடாத வீட்டில் தயிரும் பயறும் வறுத்துப் பொடித்த நிலக்கடலையும் சேரட்டும். முருங்கைக்கீரையைத் தனியாகக் கொடுத்தால் துப்புவான், அடையிலோ பருப்பிலோ மறைத்துக் கொடுங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கி அவனுக்கே கொடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துப் பகிர்ந்தால் அவன் பங்கு ஒரு வாயோடு முடிந்துவிடும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை உணவும், இடையில் ஓரிரு தின்பண்டமும் வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

சாப்பாடு மட்டும் போதாது. அடிக்கடி பேதியாகும் குழந்தை, தின்றதை உடம்பில் சேர்க்காது. கிருமிகள் நிறைந்த சூழலில் வளர்ந்தால், வெளியே தெரியும்படி பேதி இல்லாமலேயே குடலின் உட்புறம் நைந்து சத்தை உறிஞ்சும் திறனை இழக்கிறது. ஊட்டும் கையையும் தவழும் தரையையும் சோப்புப் போட்டுக் கழுவுவது உணவு கொடுப்பதற்குச் சமம். பேதி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலோடு, மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் முழுதாகக் கொடுங்கள். பேதி நின்ற மூன்றாம் நாள் மாத்திரையையும் நிறுத்திவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. காய்ச்சலோ பேதியோ விட்ட பிறகு இரண்டு வாரத்துக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள், குழந்தை இழந்ததை மீட்டுக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. உயரம் குறைவாகவும் எடை உயரத்துக்குச் சரியாகவும் இருக்கும் குழந்தைக்கு, பிஸ்கட்டும் இனிப்பும் வெறும் சோறும் மேலும் மேலும் திணித்தால் அவன் உயராமல் பருமனாவான். எனவே கூடுதல் உணவு கொடுக்கும் முன் உயரத்துக்கேற்ற எடையையும் மருத்துவர் பார்த்துவிடட்டும். இரண்டு மூன்று மாதம் நன்றாகச் சாப்பிட்டும் வரைபடத்தில் உயரக் கோடு நிமிரவில்லை என்றால் தைராய்டு, காசநோய், சிறுநீரகம், குடல் ஆகியவற்றில் கோளாறு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு இரண்டரை வயது. வாரந்தோறும் ஞாயிறு அன்று கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளக்கிறேன். சில வாரம் கோடு மேலே போகிறது, சில வாரம் கீழே வருகிறது. என் மனைவி தூக்கமில்லாமல் இருக்கிறார்.
(ஒரு தந்தை, சென்னை)

பதில்: முதலில் மனைவியைத் தூங்கச் சொல்லுங்கள். பிறந்த ஆண்டில் குழந்தை சுமார் 25 செ.மீ. வளர்கிறது, இரண்டாம் ஆண்டில் 12 செ.மீ., மூன்றாம் ஆண்டில் 9 செ.மீ., நான்காம் ஆண்டில் 7 செ.மீ. உங்கள் மகளின் வயதில் ஒரு வாரத்துக்கு 2 மில்லிமீட்டர்கூட வராது. வீட்டில் அளக்கும்போது கை தவறுவதே 5 மில்லிமீட்டர் இருக்கும். தவிர, காலையில் அளந்த உயரம் மாலையில் சற்றுக் குறைந்திருக்கும். எனவே உங்கள் பென்சில் கோடுகள் காட்டுவது மகளின் வளர்ச்சியை அல்ல, அளவின் தடுமாற்றத்தை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே இடத்தில், அதே நேரத்தில், தட்டையான ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாகப் பொருத்தித் தலைமேல் வைத்து, மனைவி குதிகாலைப் பார்த்துக்கொள்ள நீங்கள் கோடு போடுங்கள். தையல்காரரின் துணி நாடா இழுபடும். தச்சர் வைத்திருக்கும் இரும்பு நாடாவால் தரையிலிருந்து அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த தடுப்பூசிக்கோ பரிசோதனைக்கோ போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் சென்று, மருத்துவமனைப் பலகையில் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். மருத்துவர் எடையை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பிள்ளையை அழைத்தால், எழுந்து வராமல், "உயரமும் பார்த்துவிடுங்கள் டாக்டர்" என்று கேளுங்கள்.